மூன்று விரல்

தர்மேந்திரனை மேடையில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே போய்க் கத்தியிருக்கலாம். கத்தினால் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். எனக்கு நாற்பது பேர் வேண்டும். அதுவும் அவர் பேச்சை அப்படியே நம்பும் நாற்பது பேர். அவர்கள் முன்னால் அவர் வாயால் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். வருடாவருடம் அங்கே இலவசமாகக் கண் பார்ப்பவர் அவர். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் என் தங்கை தேவிஸ்ரீயை நான்தான் அழைத்துப் போவேன். அவளுக்கு இருபத்திரண்டு வயது. பாயா ரும்புட் பாசாரில் அம்மா விற்கும் இடியாப்பத்தைப் பொட்டலம் போடுவது அவள் வேலை. பொட்டலத்துக்கு ஐந்து. ஆறு வைத்ததில்லை, நாலு வைத்ததுமில்லை. அவசரத்தில் நான் நாலு வைத்துக் கட்டினால் பிரித்து ஐந்தாக்கிவிட்டு என்னை முறைப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தர்மேந்திரன் அவளுடைய இடது கண்ணை மறைத்து மூன்று விரலைக் காட்டினார்.

"எத்தனை தங்கச்சி?"

"ஆறு."

மறுபடியும் காட்டினார். "ஆறு அண்ணே," என்றாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அறையே சிரித்தது. "எண்ணத் தெரியலலா. இவங்க இப்படித்தான்," என்றார் அவர். கண் அளக்கும் கருவியில் பவர் எண் அதிகமாக வந்ததற்கும் அவரிடம் காரணம் இருந்தது, பிள்ளை ஆடிக்கொண்டே இருக்கிறாளாம். காகிதத்தில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினார். அடுத்த வருடமும் அதையே எழுதினார்.

இந்த வருடம் தேவி கதவிலும் நாற்காலியிலும் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, அவள் முகவாயைக் கருவியில் வைக்கக் கால் மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு திரையில் கருவிழியின் வரைபடத்தைக் காட்டினார். நடுவுக்குக் கீழே ஒரே சிவப்பு. கருவிழி பந்துபோல் வளைந்திருக்க வேண்டுமாம். தேவிக்கு அது மெலிந்து கூம்பாகப் பிதுங்கியிருந்தது. கெரட்டோகோனஸ் என்று பெயர். டவுன் சிண்ட்ரோம் உள்ள பலருக்குக் கருவிழி மெலிசாகவும் வளைவு அதிகமாகவும் இருக்கும், கண்ணைக் கசக்குகிறவர்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்றார். ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் ஒரு பொருள் இரண்டாகத் தெரியுமாம்.

"அப்போ மூணு விரலுக்கு ஆறுன்னு சொன்னாளே டாக்டர்?"

"சரியாத்தான் எண்ணியிருக்கா."

இடது கண்ணை ஒளிச் சிகிச்சை செய்து மேலும் கெடாமல் இப்படியே நிறுத்திவிடலாம் என்றார். வலது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, கருவிழி மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டையுமே காப்பாற்றியிருக்கலாமாம்.

சங்கக் கூட்டத்தில் தர்மேந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கியதும் மைக்கை வாங்கிக்கொண்டு மேடையேறி, வரைபடத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்தேன்.

"இது என்னான்னு எல்லாருக்கும் சொல்லுங்கண்ணே."

பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "அனுசியா, கடையில வந்து பேசுவோமே."

"கடையில வேணாம்ணே. இங்கயே பேசுவோம்."

அவருக்கு வியர்த்தது. எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன். தேவியை மேலே கூப்பிட்டு, அவள் வலது கண்ணை மறைத்து மூன்று விரலைக் காட்டினேன். "மூணு," என்றாள். இடது கண்ணை மறைத்து அதே விரல்களைக் காட்டினேன். "ஆறு."

நடந்ததையும் டாக்டரம்மா சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பெரியநாயகி அக்கா, கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த தன் மகளின் கையைப் பிடித்து இறக்கினார். "எம்பிள்ளைக்கும் அப்படித்தானே எழுதினீங்க?" என்று எழுந்து கேட்டார்.

தர்மேந்திரனின் பரிசோதனைக் கோப்பு மேசையிலேயே இருந்தது. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிய ஒவ்வொரு பெயரையும் படிக்கச் சொன்னேன். தேவியைச் சேர்க்காமல் பதினொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாயோ தகப்பனோ எழுந்து நின்றார்கள். கடைசிப் பெயரைப் படித்ததும் அவர் கோப்பை மூடினார்.

"எல்லாரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார். "நான் சரியா பாக்கல. தப்பு என்னுதுதான்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் எனக்குப் போதவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னா? இவகிட்ட சொல்லுங்க," என்று மைக்கைத் தேவியின் முன்னால் நீட்டினேன்.

"மன்னிச்சிருமா," என்றார் அவர்.

தேவி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே சிரிச்சாரு," என்றாள்.

"ஆமா. எல்லாரும் கேட்டுக்குங்க," என்றேன்.

அவள் இன்னும் முடிக்கவில்லை. நாலு இடியாப்பப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முறைப்பதுபோல் என்னை முறைத்தாள்.

"அக்காவும் சிரிச்சா."

ஆமாம், சிரித்தேன். தினமும் பாசாரில் அவள் பக்கத்தில் நின்று அவள் எண்ணுவதைப் பார்க்கிறவள், அவருக்கும் முந்திச் சிரித்தேன். நான் கூட்டிவைத்த நாற்பது பேரும் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.