பின்பலகை

அன்புள்ள மச்சானுக்கு,

படகுக்குப் பெரிய மோட்டாரைப் பார்சலில் போட்டுவிட்டதாகவும் புதன்கிழமை வந்து சேரும் என்றும் உன் அக்காவிடம் சொன்னாயாம். அந்த மோட்டார் இங்கே வரக் கூடாது. ஏன் என்று ஃபோனில் சொல்லத்தான் இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் மழை, வேலை, உன் மகள் வாலுவின் சேட்டை என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவ முடியாது. அதனால் முதலிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். மதியக் கூரியரில் போட்டால் நாளை உன் கையில் இருக்கும்.

மாமாவின் தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பெட்ரோல் என்ஜினின் கயிற்றை அவரால் இழுக்க முடியவில்லை. படகில் தொங்கிக்கொண்டிருந்த என்ஜினை நான்தான் கழற்றி என் மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொண்டுவந்து மூலையில் வைத்தேன். அதன் பிறகு ஒன்றரை வருஷம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேப்டன் கரை ஒதுங்கிட்டார்" என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். பேட்டரி மோட்டார் ஒன்று பார்த்து மாட்டிக் கொடுங்கள் என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான்.

மோட்டார் விற்கிற கடைக்கு மாமாவையும் கூட்டிப் போனேன். படகின் நீளம், எடை, மோட்டார் தொங்குகிற பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அங்குலம், எல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். கடைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "சார் பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஜாதகமே கொண்டு வந்துட்டீங்களே" என்றார். தண்டு குட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் வெளியே வந்து காற்றைக் கடையும் என்பதால் முப்பத்தாறு அங்குலத் தண்டு எடுத்தோம். ஐம்பத்தைந்து பவுண்டு தள்ளுவிசை, அடிக்கடி முழுக்க இறங்கினாலும் தாங்குகிற கனமான பேட்டரி. முன்பக்கம் மாட்டுகிற வகை ஒன்றையும் காட்டினார்கள். கால் மிதியால் ஓட்டலாம், இரண்டு கையும் தூண்டிலுக்கு என்றார்கள். மாமா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான்தான், "பழக்கப்பட்ட பின்பக்கமே போதும் மாமா" என்று தள்ளிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை படகில் மாட்ட உட்கார்ந்தேன். மாமா முகம் மழித்து, பழைய தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். கிளாம்பின் திருகை முறுக்கினேன். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் அரைச் சுற்று உள்ளே போனது. அந்தப் படகு வெளியே ஃபைபர், உள்ளே மரப்பலகை என்று உனக்குத் தெரியும். பலகை அமுங்குகிறதோ என்று சந்தேகம். சரி, இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்து நாலு போல்ட் போட்டு இறுக்கினால் தாங்கும் என்று டிரில்லை எடுத்தேன். முதல் இரண்டு ஓட்டையில் வெள்ளையாக, காய்ந்த தூள் வந்தது. மூன்றாவது ஓட்டையில் கறுப்பாக, ஈரமாக வந்தது. காபி வடிகட்டியில் தங்குகிற சக்கை மாதிரி. விரலில் எடுத்து நசுக்கினேன். தண்ணீர் கசிந்தது.

"என்ன மாப்பிள்ளை, எண்ணெய்க் கிணறு கண்டுபிடிச்சுட்டீங்களா?" என்றார் மாமா.

"மேலாப்புல கொஞ்சம் ஈரம் மாமா. காஞ்சிடும்."

இதுதான் நான் சொன்ன முதல் பொய். ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பெட்ரோல் என்ஜினைக் கழற்றிய அன்று அதன் நாலு போல்ட் ஓட்டையையும் அடைத்திருக்க வேண்டும். ஒரு விரல் அளவு பசை போதும். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் குடித்துப் பலகை உள்ளுக்குள் மக்கியிருக்கிறது. ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டித் தருகிற மாப்பிள்ளை, மாமனார் படகை அழுக வைத்தான் என்று அந்தத் தொப்பியைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லா ஓட்டையிலும் பசையை நிரப்பி, தகடு வைத்து, போல்ட்டை இறுக்கி, மேலே வெள்ளைப் பெயிண்டும் அடித்தேன். புதுப் படகு மாதிரி இருந்தது.

மோட்டாருக்குச் சத்தமே இல்லை. எல்லோரும் அதைத்தான் பாராட்டினார்கள். அத்தைக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. முன்னெல்லாம் ஏரித் திருப்பத்தில் என்ஜின் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. திடீரென்று மாமா சமையலறை வாசலில் ஈரக் காலோடு நிற்பார். ஒருநாள் தட்டையே கீழே போட்டுவிட்டார்கள். "வரும்போது ஒரு பாட்டாவது பாடிக்கிட்டு வாங்களேன்" என்றார்கள். "நான் பாடினா மீன் போயிடும்டி" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். தகட்டின் மேல் விளிம்பை ஒட்டிப் பலகையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்ப் பார்ப்பேன். முதல் வாரம் கோடும் தகடும் ஒட்டியிருந்தன. இரண்டாம் வாரம் நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. நாலாம் வாரம் ஒரு நாணயம் நுழைகிற அளவு. ஒவ்வொரு முறை மோட்டார் தள்ளும்போதும் தகடு பலகையைக் கொஞ்சம் தின்றுகொண்டிருந்தது. படகில் எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்று மாமாவிடம் சாதாரணமாகக் கேட்பேன். "ரெண்டு மக்" என்றார். அடுத்த வாரம் "அஞ்சு மக்." அதற்கடுத்த வாரம், "படகுன்னா தண்ணி இருக்கத்தானே செய்யும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

இதற்கிடையில் அவர் கலுங்குப் பக்கம் போக ஆரம்பித்தார். ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் அந்தக் கலுங்குச் சுவர் மேலாகத்தான் வழியும். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆள் ஆழத்தில் பாறை. பழைய என்ஜின் சத்தத்தில் அங்கே மீன் நிற்காது. இந்த மோட்டார் போனால் மீனுக்கே தெரியாது. தோள் ஒத்துழைக்காதபோது துடுப்பு எதற்கு என்று இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டார். மேலே மழை பெய்து ஏரி நிறைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் உன் மகள் லீவுக்கு வந்தாள்.

சனிக்கிழமை வாலுவைக் கலுங்குக்குக் கூட்டிப் போகிறேன் என்று மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். "பின்பக்கம் லேசா ஆடுது மாமா, ஒரு வாரம் பொறுங்க" என்றேன். "ஒன்றரை வருஷம் பொறுத்தாச்சு மாப்பிள்ளை. இன்னும் என்னை உட்கார வைக்கணுமா?" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படகுக்குப் போனேன். புரொப்பல்லரைத் தண்டோடு பூட்டி வைக்கிற சின்ன எஃகுக் கம்பி ஒன்று உண்டு. அதை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யாருக்கும் தெரியக் கூடாது என்று நட்டை நன்றாக முறுக்கி வைத்தேன். காலையில் மோட்டார் சுற்றும், படகு நகராது, கரையிலேயே திரும்பிவிடுவார்கள் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை கடையில் ஒரு பம்பு மோட்டாரின் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றது. கம்பி இல்லாவிட்டாலும், இறுக்கிய நட்டின் பிடியிலேயே புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் போகிற வரை போகும். தண்ணீரை எதிர்த்து முழு வேகம் வைக்கும்போதுதான் நழுவும். அதாவது கரையில் நழுவாது. கலுங்குப் பக்கம் போய்த்தான் நழுவும்.

ஓடினேன். கரைப் படியில் வாலுவின் செருப்பு ஜோடியாக இருந்தது. படகு இல்லை. பழைய என்ஜினாக இருந்தால் எந்தத் திசை என்று காதாவது சொல்லியிருக்கும். இப்போது கலுங்கின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. கரையில் நின்ற வலைக்காரரைக் கெஞ்சி அவருடைய துடுப்புப் படகில் ஏறினேன். "கேப்டனுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டார். நான் கலுங்குப் பக்கம் கை காட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் வேகமாக வலித்தார்.

சுவருக்கு முப்பது முழம் முன்னால் இருந்தார்கள். நங்கூரம் போட்டிருந்தது. கயிறு விறைத்து நின்றது. உன் மகள் முன்பக்கம் குப்புறப் படுத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நங்கூரத்தைப் பிடித்து வைத்திருப்பது தான்தான் என்று அவளுக்கு நினைப்பு. மாமா மோட்டார் கைப்பிடியை முழுக்கத் திருகியபடி உட்கார்ந்திருந்தார். படகில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"வாங்க மாப்பிள்ளை. மீன் வாங்க இவ்வளவு தூரமா?" என்றார். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

"மாமா, மோட்டார் உம்முனு பாடுது, ஆனா வேலை செய்ய மாட்டேங்குது" என்றாள் வாலு என்னிடம்.

கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். என் சட்டைப் பையில் அந்தக் கம்பி இருந்தது. கரையேறியதும் மாமா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இதுக்கு பவர் பத்தல மாப்பிள்ளை. கலுங்குத் தண்ணியை எதிர்த்து வர இதைவிடப் பெருசு வேணும்."

"ஆமா மாமா" என்றேன்.

அன்று சாயங்காலமே கம்பியைத் திரும்பப் பூட்டிவிட்டேன். அப்போது கோட்டைப் பார்த்தேன். தகட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் தீக்குச்சி படுக்கிற இடைவெளி. அன்று இரவுதான் மாமா உன்னைக் கூப்பிட்டார். நீயும் உடனே பெரியதாக ஒன்று அனுப்பிவிட்டாய். உன் மேல் தப்பில்லை. பவர் பத்தவில்லை என்பதற்கு நானும் தலையாட்டியிருக்கிறேன். ஐம்பத்தைந்து பவுண்டையே தாங்காத பலகை நீ அனுப்பியிருக்கிற நூறு பவுண்டைத் தாங்காது. அது பிய்யும். கலுங்குப் பக்கத்தில், வாலு உட்கார்ந்திருக்கும்போது பிய்யும்.

இன்று காலை எட்டு மணிக்குப் போய் மோட்டாரையும் தகட்டையும் கழற்றினேன். நாலு போல்ட்டும் இப்போது என் மேஜை டிராயரில். கடை ஸ்க்ரூடிரைவரைப் பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கையால் அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. உருவவில்லை. அப்படியே நட்டுவைத்துவிட்டு வந்தேன். அதன் பிடியில் என் மஞ்சள் டேப் சுற்றியிருக்கும், யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. படகு கழுவ மாமா பத்து மணிக்குப் போவார். வாயால் சொல்ல முடியாததை அது சொல்லட்டும் என்று கடைக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதி முடித்தபோது மாமா வந்தார். நடந்ததை அப்படியே சேர்க்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரை மேஜை மேல் வைத்தார். அதில் கறுப்பாக ஈரம் ஒட்டியிருந்தது.

"எந்த ஓட்டையில ஆரம்பிச்சது? பழசா, புதுசா?"

"பழசு மாமா. நான் அடைக்காம விட்டது. சனிக்கிழமையும் பவர் குறைச்சல் இல்ல. கம்பியை நான்தான் உருவினேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அப்போ மோட்டார் நல்ல மோட்டார்தான்."

"மாமா, பலகையே இல்ல. படகை எடுக்காதீங்க."

"பின்பலகைதானே போச்சு? முன்னாடி தட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருக்கு. புதன்கிழமை வர்றதை முன்னாடி மாட்டிடலாம். அன்னைக்கே கடையில முன்னாடி மாட்டுறதைத்தான் எடுக்கலாம்னு நினைச்சேன், நீங்கதான் விடல." எழுந்தார். "வாலுகிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிட்டேன்."

பின்பலகையில் எட்டு ஓட்டை இருக்கிறது என்றேன். பசை இருக்கிறதே என்றார்.

மச்சான், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை. இனி உன்னால்தான் முடியும். பார்சலை வழியிலேயே நிறுத்து. முடியாவிட்டால் சனிக்கிழமைக்குள் வந்து உன் மகளைக் கூட்டிக்கொண்டு போ. மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் போகும்போது அவர் என் அலமாரியைத் திறந்து, டிரில்லை எடுத்துத் தோள் ஆகாத கையிலிருந்து நல்ல கைக்கு மாற்றிக்கொண்டு, ஏரிப் பக்கம் நடந்தார்.

இப்படிக்கு,
உன் அத்தான்