விளக்கைப் போடுங்க மாஸ்டர்

டெலிபோன் அக்கா என்ற பெயரை யாரும் கேலிக்கு வைக்கவில்லை, அவளே வைத்துக்கொண்டது. ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுத்துப் பேசும் வேலையில் இருந்தவள். மூளைக்காய்ச்சலில் விழுந்து பிழைத்து எழுந்தபோது இரண்டு காதும் போயிருந்தன. மசாஜ் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த அன்று வகுப்பில் எழுந்து நின்றாள்.

"முன்னாடி டெலிபோன்ல இருந்தேன். இப்ப லைன் கட்டாயிடுச்சு. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். என்னைப் பாத்துப் பேசுங்க, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்த கையோடு கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தை ஆரம்பித்தார்.

செய்முறை வகுப்பு இன்னும் மோசம். "இந்தத் தொழிலுக்குச் சூழல்தான் முதல்ல" என்று மாஸ்டர் திரைகளை இழுத்துவிடுவார். மூலையில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் முணுக்கென்று எரியும். அந்த அரையிருட்டில் அவர் சொல்வதெல்லாம் தாடிக்குள் எங்கேயோ அசைந்து அடங்கிவிடும்.

ஒருநாள் நடைபாதையில் அவரை மறித்துக் கேட்டாள். "பாடம் நடக்கறப்ப மட்டும் விளக்கைப் போடுங்க மாஸ்டர்."

"ஒருத்தருக்காக மொத்த வகுப்பும் மாற முடியுமாம்மா? பழகிக்கோ."

அங்கே குழல்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்ததால் 'பழகிக்கோ' மட்டும் எழுத்துப் பிசகாமல் அவளுக்குப் புரிந்தது.

பழகிக்கொள்ளாத இன்னொருவனும் வகுப்பில் இருந்தான். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம் என்பதால் ஒட்டடைக்குச்சி என்று பெயர். ஒருமுறை காதால் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான்; ஆனால் அச்சில் பார்த்தால் எழுத்துகள் அவன் கண்ணுக்கு இடம் மாறி மாறிக் குதிக்கும். தேர்வில் கேள்விகளை யாராவது வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டதற்கு, "படிக்கத் தெரியாதவன் எதுக்குடா இங்க வந்தே?" என்று மாஸ்டர் எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார். சாப்பாட்டு வேளையில் அக்கா அவனுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவாள். அவன் அவள் எதிரே உட்கார்ந்து மாஸ்டரின் பாடத்தை வாயை நன்றாகத் திறந்து ஒப்பிப்பான். பள்ளி செய்ய வேண்டியதை அவர்களே பங்கு போட்டுச் செய்துகொண்டார்கள்.

குப்புறப் படுத்திருப்பவரின் உதட்டைப் பார்க்க முடியாதே என்ற கவலை அவளுக்கும் இருந்தது. "வலிச்சா மேசையைத் தட்டச் சொல்லுங்க மாஸ்டர். அதிர்வு எனக்குக் கையில தெரியும்" என்றாள். "விளையாட்டா இது?" என்று அவர் கையை உதறிவிட்டுப் போனார்.

அதே வாரம் அவள் ஒட்டடைக்குச்சியின் கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தபோது அவனுக்கு நரம்பு பிடித்துக்கொண்டது. அவன் கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து, திருடியைப் பிடிப்பதுபோல் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்.

முதல்வரம்மா அவளைக் கூப்பிட்டுத் தேனாகப் பேசினாள். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான். இனிமே நீங்க யார் மேலயும் கை வைக்க வேண்டாம். துண்டு மடிக்கிறதும் இந்தத் தொழில்ல ஒரு பாகம்தானே?"

துண்டு மடித்தாள். யாருடைய கழுத்தையோ முறுக்குவதுபோல் ஒவ்வொன்றையும் முறுக்கி அடுக்கினாள். 

பிறகு பள்ளிக்குப் பண உதவி செய்கிறவர்கள் பார்வையிட வரும் நாள் வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் தொங்கியது. யாருடைய முதுகிலோ கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள் டெலிபோன் அக்கா. கீழே, 'எல்லாக் கைகளுக்கும் இங்கே இடம் உண்டு.' எப்போது எடுத்த படமோ, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்கதான் இன்னிக்கு நம்ம பள்ளியோட முகம்" என்று முதல்வரம்மா அவள் தோளைத் தட்டினாள். "வந்தவங்கள்ல ஒருத்தருக்குத் தோள் பிடிச்சுக் காட்டுங்க."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. உள்ளே போனாள். நாற்காலியில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர் தோளைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தார். கேமராக்கள் காத்திருந்தன. அறை வழக்கம்போல் இருண்டு கிடந்தது. அவள் நேரே சுவரண்டை போய் இருந்த சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டாள். எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள்.

"மன்னிக்கணும்யா, உங்களை நான் தொட முடியாது" என்றாள் பெரியவரிடம். "யாரையும் தொடக் கூடாதுன்னு என்னை நிறுத்தி வெச்சிருக்காங்க. துண்டு மடிக்கிறதுதான் எனக்குப் பாடம். வாசல்ல சிரிச்சுட்டு நிக்கிறது யாருன்னு இவங்களையே கேளுங்க."

முதல்வரம்மாவின் முகம் வெளிறியது. "சத்தம் போடாதீங்க."

"சத்தம் போடறேனா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்களுக்குக் கேட்டாச் சரி."

"அவங்க ஒரு பையனுக்கு வலி உண்டாக்கிட்டாங்க…" என்று மாஸ்டர் இழுத்தார்.

ஒட்டடைக்குச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "அந்தப் பையன் நான்தான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? மேசையைத் தட்டச் சொல்லுங்கன்னு அக்கா முன்னாடியே சொன்னாங்க. நீங்கதான் காதுல போட்டுக்கல."

பெரியவர் சங்கடத்தோடு, "சரிம்மா, இப்ப செஞ்சு காட்டுங்களேன்" என்றார்.

"முடியாதுய்யா. நான் வேடிக்கை காட்ட வரல, படிக்க வந்தேன்."

அடுத்த வாரமே படம் காணாமல் போனது. பாட நேரத்தில் விளக்கு எரிந்தது. வலித்தால் மேசையைத் தட்டலாம் என்று மாஸ்டரே, தான் கண்டுபிடித்ததுபோல், வகுப்புக்குச் சொன்னார். அக்கா மறுபடி மேசையருகே வந்தாள்.

"உனக்காக எவ்வளவு மாத்தியிருக்கோம். ஒரு நன்றி சொல்லக் கூடாதா?" என்றார் மாஸ்டர்.

"நான் கேட்டது வெளிச்சம். தர்மம் இல்ல."

ஆனால் ஒட்டடைக்குச்சிக்குக் கேள்வி வாசிக்க யாரையும் போடவில்லை. எழுத்துத் தேர்வன்று அவன் தாளையே வெறித்துக்கொண்டு, கண்கள் கலங்க, பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தான். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய் அவன் பக்கத்தில் போட்டு, முதல் கேள்வியை வாசிக்கத் தொடங்கினாள். மேற்பார்வையாளர் எதிரே வந்து நின்று ஏதோ சொன்னார், கையை ஆட்டினார். அவள் நிமிரவே இல்லை. கடைசிக் கேள்வி வரை வாசித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவன் தேறினான். அவள் தேர்வை ரத்து செய்தார்கள். அடுத்த தடவை மறுபடி எழுதித் தேறினாள். அப்போது வாசித்துக் காட்ட அறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். இப்போது எலும்பு மருத்துவர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். மாஸ்டர் எப்போதாவது தெருவில் எதிர்ப்பட்டு ஏதோ சொல்லிச் சிரிப்பார். அவள் அவர் உதட்டைப் பார்ப்பதில்லை.