தானாக இறங்கிய முள்

பஸ் டிப்போவில் மெக்கானிக்கான அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் காய்ச்சல் கண்ட எஞ்சினை, வண்டி வாசலில் நுழையும்போதே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். சொல்லிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டான். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவர்களுக்குப் பாடம் எடுப்பான். எஞ்சினுக்குள் எரிகிற நெருப்பை வெறும் இரும்பு தாங்காது, அதனால் அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பம்பு தள்ளிவிட, தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னாலிருக்கும் ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே விசிறிக் காற்றில் ஆறி, மறுபடியும் எஞ்சினுக்கே திரும்புகிறது. இவ்வளவுதான் சங்கதி.

"ஆனா ஒண்ணு," என்று விரலைத் தூக்குவான். "டேஷ்போர்டுல ஆடுதே முள்ளு, அது இரும்போட சூட்டைக் காட்டாது, தண்ணியோட சூட்டைத்தான் காட்டும். தண்ணியே இல்லைன்னா எதைக் காட்டும்? பேசாம கீழ வந்துரும். ஏத்தத்துல முள்ளு தானா எறங்குச்சுன்னா சந்தோஷப்படாதீங்க. உடனே எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

இந்தப் பாடத்தை உட்கார்ந்து கேட்காத ஒரே டிரைவர் அவனுடைய மாமா, அதாவது அக்காவின் கணவர். வீட்டுக்குள்ளேயே டாக்டர் இருக்கும்போது நான் எதற்குப் படிக்க வேண்டும் என்பார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு பக்கக் கண்ணாடிகூட உடைத்ததில்லை. சந்தேகம் வந்தால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு மச்சினனுக்குப் போன் போடுவார். அவன் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு.

அன்றைக்கும் மலையேற்றத்தில் அப்படித்தான் போன் போட்டார். இவன் வேறொரு பஸ்ஸின் அடியில் படுத்துக்கொண்டு, துருப்பிடித்த ஒரு நட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முள் ஏறிக்கொண்டே வந்தது, என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் தானாகவே இறங்கிவிட்டது என்றார் மாமா. உள்ளே இனிப்பாக ஏதோ வாசனை வருகிறது என்றும் சொன்னார். எஞ்சின் தண்ணீரில் கலக்கிற கூலன்ட் திரவம் கசிந்தால் வருகிற வாசனை அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவன்தான். ஆனால் நேரம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன நட்டு லேசாக அசைந்து கொடுத்தது.

"எறங்கிருச்சுல்ல? அப்ப நல்லதுதான். வாங்க மாமா," என்றான்.

மூன்று வளைவுகூடத் தாண்டவில்லை. எஞ்சின் இறுகிப்போய், பஸ் நடுரோட்டில் நின்றது. யாருக்கும் அடியில்லை, அந்த மட்டும் புண்ணியம். எஞ்சினைப் பிரித்ததும் இவன்தான். ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் வெடித்து, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டிக் கிடந்தன. அப்போதுதான் அந்தப் போன் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

விசாரணையில், டிப்போவில் யாரையாவது கேட்டீர்களா என்று மேனேஜர் கேட்டார். மாமா இவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. யாரையும் கேட்கவில்லை, முள் இறங்கியதும் எஞ்சின் ஆறிவிட்டதென்று நானே நினைத்துக்கொண்டேன் என்றார். பிரேக் விஷயத்தில் இவன் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவன். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல இவனுக்கு முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது. எஞ்சின் அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டான்.

வெளியே வந்ததும் மாமா அவன் தோளைத் தட்டினார். "எனக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ். உனக்குப் பிள்ளைங்க சின்னது. உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே."

அந்த ஏழு மாசமும் அவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. காலையில் வரிசையாக நிற்கும் பஸ்களுக்குத் தண்ணீர் பார்த்து ஊற்றுவதுதான் இனி வேலை. மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையோடு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ரேடியேட்டராகப் போனார். முள்ளைப் பார்க்காதீங்கண்ணே, தண்ணியைப் பாருங்க என்று கண்டக்டர்கள் கிண்டலடித்தார்கள். கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஊற்றினார். டாக்டர் பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டான்.

அக்கா மட்டும் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். உள்ளறையில் மாமா மறுநாளுக்கான சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்கா பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன், யாரையும் கேட்காமல் ஓட்டினார் என்றால் எந்த மடையன் நம்புவான்? யாரையோ காப்பாற்றுகிறார். நாளைக்கே மேனேஜர் முன்னால் போய் நின்று நாலு கேள்வி கேட்கப் போகிறேன் என்றாள்.

"நீ சொல்லுடா. உனக்கு எஞ்சினும் தெரியும், அவரையும் தெரியும். அவர் இப்படிப் பண்ணுவாரா?"

உள்ளே தேய்க்கிற சத்தம் நின்றது.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தான். அது பொய்யில்லை. ஆனால் வந்த வார்த்தை வேறு.

"வயசாகுதுல்லக்கா. ஏதாவது தடுமாற்றம் வந்திருக்கும்."

மாமா சட்டையோடு வெளியே வந்தார். மச்சினனைப் பார்க்கவில்லை. மனைவியிடம்தான் சொன்னார்: "அவன் சொல்றது சரிதான். எனக்கு முன்ன மாதிரி இல்லை."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருந்த முகத்திலிருந்து அத்தனை கோபமும் நொடியில் வடிந்துபோயிற்று. இறங்கிவிட்டது, நல்லதுதான் என்று இந்தத் தடவை அவனால் நினைக்க முடியவில்லை.

அவள் கணவன் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டாள். குழந்தையிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"இஸ்திரிப் பெட்டி சுவிட்சை அணைச்சீங்களா?"

ஒரு நாளும் அவர் அணைக்காமல் வந்ததில்லை.

"பாத்துட்டு வரேன்," என்று மறுபடியும் உள்ளே போனார்.