தானாக நகர்ந்த அம்புக்குறி

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. றஹ்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். "மௌஸில கை வைக்காதீங்க அக்கா, எல்லாத்தையும் நான் இங்க இருந்தே செய்வன்" என்று, கணினி விளையாட்டுகளைப் போட்டுக் கொடுக்கும் சஜீத் தொலைபேசியில் சொல்லியிருந்தான். 'இங்க' என்பது எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை.

"பேய்க்கு நல்ல வேகம், உம்மா" என்று மகள் சனூஸா சிரித்தாள்.

சனூஸா கேட்ட விளையாட்டின் விலை டொலரில் இருந்தது. ரூபாயில் பார்த்தால் றஹ்மா ஒரு மாதம் தட்டச்சு செய்து உழைப்பதில் பாதி. இணையத்தில் வாங்குவதற்கு வேண்டிய வங்கி அட்டையும் அவர்களுடைய பாலையூற்று வாடகை வீட்டில் இல்லை. சஜீத்திடம் எண்ணூறு ரூபாய்தான். ஒரு தரம் வாங்கி நூறு பேருக்குப் போட்டுக் கொடுப்பவன் அவன். எல்லாருக்கும் ஒரே கணக்கு என்பதால், விளையாடும்போது இணையத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதே நிபந்தனை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் விளையாடினார்கள். மற்றப் பாதி, போனில் மட்டும் விளையாடும் சனூஸாவைப் 'போன் கேம்காரி' என்று கூப்பிட்டது. மகள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னதைத்தான் றஹ்மாவால் தாங்க முடியவில்லை.

அதே லெப்டொப்பில்தான் அவர்களுடைய சோறும் இருந்தது. ஓர்ஸ் ஹில் சட்டத்தரணி புஸ்பராணிக்குக் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் றஹ்மா. இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாமில் கிடந்து, சம்பூருக்குத் திரும்பிய சனங்களின் காணிகள். எல்லை விபரம், அடையாள அட்டைப் படம், பழைய பத்திரங்களின் பிரதி எல்லாம் ஒரே கோப்புறைக்குள்.

விளையாட்டு அறுபத்திரண்டு வீதம் இறங்கியிருந்தபோது அம்புக்குறி கீழே சரிந்து அந்தக் கோப்புறையைத் திறந்தது. வரிசையாகப் பெயர்கள். ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு கோப்புறை மூடிக்கொண்டது.

"கை பட்டிட்டுது அக்கா" என்றது தொலைபேசியில் சஜீத்தின் குரல்.

ரவுட்டரின் வயர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இழுத்தால் போதும். ஆனால் சனூஸாவின் உதடுகள் அறுபத்து மூன்று, அறுபத்து நாலு என்று எண்ணிக்கொண்டிருந்தன. அதோடு, சந்தேகப்பட்டால் சஜீத்துக்கு மனம் நோகுமே என்றும் ஓர் எண்ணம். முகம் தெரியாதவனிடமும் மரியாதை பார்க்கும் தன் வளர்ப்பின்மேல் அவளுக்கு அந்த நேரத்திலேயே வெறுப்பு வந்தது. கை மட்டும் அசையவில்லை.

"பரவாயில்ல தம்பி" என்றாள்.

முடிந்ததும் அவன் சொன்னான்: "நான் வந்துபோற ப்ரோக்ராமை அழிச்சிராதீங்க அக்கா. அப்டேட் வந்தா திரும்ப வர வேணும்."

பத்தாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், புஸ்பராணி அழைத்தாள்.

"றஹ்மா, சம்பூர் கிருஷாந்த் வந்து நிக்கிறார். ஆரோ போன் எடுத்து, காணியை விக்கிறீங்களோ எண்டு வெருட்டுற மாதிரிக் கேட்டிருக்கிறாங்கள். நாலு எல்லையும் பிசகாமச் சொல்லுறாங்களாம், மனிசியின்ர ஐடென்டிட்டி நம்பரும். இன்னும் கையெழுத்தே வைக்காத உறுதி. நீங்கள் ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"இல்ல, மிஸ்."

குரல் நடுங்கவேயில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

"அப்ப இஞ்ச என்ர கந்தோரில வேலை செய்யிற ஆரோதான். நான் விசாரிக்கிறன். நீங்கள் மிச்ச உறுதியளை இப்பவே அனுப்புங்கோ, அவர் காத்துக்கொண்டு இருக்கிறார்."

சனூஸா விளையாடிக்கொண்டிருந்தாள். ரவுட்டரின் வயரைக் கழற்றி இணையம் நிறுத்தியிருந்தது. றஹ்மா லெப்டொப்பைத் தன் பக்கம் இழுத்து, சஜீத்தின் ப்ரோக்ராமை முதலில் அழிக்கத் தேடினாள். அன்று திரையின் மூலையில் நின்ற அதன் சிவப்புச் சின்னத்தைக் காணவில்லை. எங்குமே இல்லை. போய்விட்டது என்று நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது.

உறுதிகளை அனுப்ப ரவுட்டரின் வயரைச் செருகினாள். ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"உம்மா, நான் தொடல்ல."

சனூஸா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். அம்புக்குறி, வீட்டுக்குள் வழி தெரிந்த ஆளைப்போல, அவசரமில்லாமல் கோப்புறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. றஹ்மாவின் விரல்கள் செருகிய வயரை இன்னும் விடவில்லை.