நவரத்தினம் மாஸ்டர் ஓடிய தூரம்

“மற்றக் கையையும் நீட்டுங்கோ அப்பா, எனக்கு நேரம் போகுது,” என்று பிரஷாந்தி சட்டையை விரித்துப் பிடித்தாள். நவரத்தினத்தின் கை நடுங்கியதே தவிர நகரவில்லை. நடுக்குவாதம் வந்து மூன்று வருடம். கட்டிலிலிருந்து கூடத்து நாற்காலிக்கு வரவே ஓர் ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

“‘விட்’ எண்டு ஒரு சொல்லிருக்குப் பிள்ளை,” என்றார். “ஸ்கொட்லாந்தில வயல் உழுற கமக்காரற்ற சொல்லு. முயல் விருட்டெண்டு பாயுமெல்லே, அதுக்கு.”

“முயலைப் பின்னேரம் பாப்பம். கையைத் தாங்கோ.”

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவர். மனைவி போனபின் துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் மகளோடு இருந்தார். உடம்பு மந்தப்பட மந்தப்பட, சடாரென்ற அசைவுகளுக்கு இருந்த பழைய ஆங்கிலச் சொற்களைத் தேடித்தேடிக் கொப்பியில் எழுதினார். குருவி விர்ரென்று பறந்தால் ‘ஸ்கர்’. குதிரை துள்ளினால் ‘ஃப்ளிஸ்க்’. கோணல்மாணலான எழுத்து. இந்தச் சொல்லெல்லாம் இப்ப ஆருக்கு வேணும் என்று ஒருநாள் பிரஷாந்தி கேட்டுவிட்டாள். அவர் கொப்பியில் அடுத்த சொல்லை எழுதினார்.

பக்கத்து ஃப்ளாட் ஹஃபீஸா கீழக்கரைப் பெண். பகலில் தன் இரண்டு வயது மகளோடு வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள். அன்றும் அவள் வந்ததும் பிரஷாந்தி துபாய்க்கு வேலைக்குப் போகக் காரை எடுத்தாள்.

பதினொன்றரைக்கு ஹஃபீஸாவின் போன் வந்தது. பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது.

பிரஷாந்தி வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் பார்த்து முடித்திருந்தார்கள். போலீஸ்காரர் வாசலில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். பால்கனிக் கதவோரம் அப்பா தரையில் கிடந்தார். நெஞ்சுவரை வெள்ளைத் துணி. காலையில் அவள் போட்ட பொத்தான்களில் ஒன்று அறுந்திருந்தது.

“நாற்காலியிலயெல்லோ இருந்திருக்க வேணும்? ஏன் இங்க?”

“நான் அடுப்படில இருந்தேங்க்கா,” என்றாள் ஹஃபீஸா. “பாப்பா ஸ்டூல இழுத்துப் போட்டு பால்கனிக் கம்பில ஏறிட்டா. திரும்பிப் பாக்குறேன், பாதி உடம்பு வெளிய. எனக்குக் கத்தக்கூட வாய் வரல. சார் எந்திரிச்சு ஓடினாங்க.”

“ஆர்?”

“சார்தான்.”

“அவர் நடக்கவே மாட்டார், ஹஃபீஸா.”

“அல்லா மேல ஆணைக்கா. கண்ணை மூடித் திறக்கல, கவுனைப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டுட்டாங்க. அப்பறம் சுவத்துல சாஞ்சு உக்காந்தாங்க. தண்ணி கேட்டாங்க. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள…”

“ஏதும் சொன்னவரோ?”

ஹஃபீஸா யோசித்தாள். “சிரிச்சாங்கக்கா. என்னமோ தப்புப் பண்ணிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி, வெக்கப்பட்டுச் சிரிச்சாங்க.”

பிள்ளை சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கியது. முழங்கையில் சின்னச் சிராய்ப்பு. பிரஷாந்தி அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். நாற்காலியடியில் ஒரு செருப்பு கிடந்தது. மற்றது கூடத்தின் நடுவில், குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. அதற்கப்பால் வெறுந்தரை.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் வழியிலிருந்த செருப்பைக் காலால் ஒதுக்கப் போனார்.

“பாய், அதைத் தொட வேண்டாம்,” என்றாள் பிரஷாந்தி. தமிழில் சொன்னது அவருக்கு எப்படியோ விளங்கியது.

அவர்கள் சோபாவை நகர்த்தி, செருப்பைச் சுற்றிக்கொண்டு அப்பாவைத் தூக்கிப் போனார்கள்.