பேர் மட்டும் போதும்

மாதவியை வேலைக்கு எடுத்த அன்று மேனேஜர் ராதாகிருஷ்ணன் முதலில் கேட்டது அவளுடைய லைசென்ஸின் நகலைத்தான். போர்ட் கிள்ளானில் இறாலையும் மீனையும் உறையவைத்துச் சேமிக்கும் பெரிய கிடங்கு அது. அவ்வளவு மின்சாரம் ஓடும் இடத்தில் மின் இணைப்புகளைக் கவனிக்க லைசென்ஸ் பெற்ற சார்ஜ்மேன் ஒருவர் பொறுப்பில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் அவள் லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி நாள் தவறாமல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து வந்து, ஒவ்வொரு சுவிட்சாகச் சோதித்து, இது சரியில்லை அது சரியில்லை என்று வந்து நிற்பாள் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

"சுவிட்ச் ரூம் கூரை ஒழுகுது சார். ஆள் கூப்பிட்டு அடைக்கணும்."

"பாக்கலாம் லா மாதவி. மழை நிக்கட்டும்."

மழை நிற்கவில்லை. ஒரு காலையில் அவள் சுவிட்ச் ரூமைத் திறந்தபோது மெயின் போர்டுக்குப் பின்னால் தண்ணீர் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது. ஆபீசுக்குச் சொல்லிவிட்டு மெயினை அணைத்தாள். யாரும் மறுபடி போட முடியாதபடி கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டாள். தொடாதே என்ற சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டாள். சாவி அவள் பையில்.

ராதாகிருஷ்ணன் ஓடி வந்தார். "எவ்வளவு நேரம்?"

"முழுசா காய வைக்கணும். அப்புறம் டெஸ்ட் பண்ணணும். டெஸ்ட் பண்ற மெஷின் கிள்ளான்ல சரிபாக்கக் குடுத்திருக்கோம். நானே போய் எடுத்துட்டு வரேன்."

"உள்ள அத்தன இறாலும் கெட்டுப்போகும். மதியம் கண்டெய்னர் லோரி வருது."

"குளிர் ரூம் கதவ தொறக்காதீங்க, அது தாங்கும். அதுக்குள்ள வாடகைக்கு ஜெனரேட்டர் லோரி ஒன்னு கூப்பிடுங்க. ஈரத்தோட கரண்ட் குடுத்தா வெடிச்சிடும் சார். ஆள் செத்துடுவான்."

அவர் போனை எடுத்தார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்து மாதவி கிளம்பினாள்.

மெஷினோடு திரும்பி வந்தபோது வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சரில் விஜயன் கிடந்தான். கேரி தீவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவன். கிடங்கில் பெட்டி தூக்குவான், போர்க்லிப்ட் வண்டி ஓட்டுவான். கோயில் திருவிழாவுக்கு விளக்குச் சரம் கட்டத் தெரியும் என்பதுதான் மின்சாரத்துக்கும் அவனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்திருந்தன. கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருந்தது.

மாதவி சுவிட்ச் ரூமுக்கு ஓடினாள். போர்டு கருகிக் கிடந்தது. அவள் போட்ட பூட்டு அங்கே இல்லை.

"பூட்ட அறுத்தது யாரு?"

ராதாகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பூட்டா? நீங்க பூட்டவே இல்லையே. வேலை நேரத்துல வெளிய போயிட்டீங்க. அந்தப் பையன் தானா உள்ள போயிட்டான்."

"என்ன சார் பேசுறீங்க? உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

"மாதவி, சுவர்ல இருக்கறது உங்க பேரு. பொறுப்பும் உங்களோடதுதான்."

கூரையை அடைக்கச் சொன்னபோது அவள் பேச்சுக்கு மதிப்பில்லை. கரண்ட் போடாதே என்றபோது அவள் பேச்சுக்கு மதிப்பில்லை. ஒருவன் கை வெந்த பிறகு மட்டும் அவள் பொறுப்பானவள் ஆகிவிட்டாள். விபத்தைத் தெரிவிக்கக் கிடங்குக்காரர்கள் தயங்குவது தெரிந்ததும், அவளே தொழிலாளர் பாதுகாப்பு விசாரணை அதிகாரிகளுக்குப் போன் செய்தாள். அடுத்த நாளே அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் விஜயன் வாய் திறக்கும் நிலைக்கு வந்ததும் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் அவன் மனைவி மலர்விழி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பூட்ட அறுத்தது யாரு, உன்ன மெயின போடச் சொன்னது யாரு, சொல்லு."

விஜயன் கூரையைப் பார்த்தான். "ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகம் இல்லையா, சொல்ல வேணாம்னு யாராச்சும் சொன்னாங்களா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாதவிக்கு அவன் மேலும் கோபம் வந்தது. வலியில் கிடப்பவன் மேல் வந்த அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரமே நுஸைபா என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தார். விஜயனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாதவியையும் கூட வைத்துக்கொண்டே கேட்டார். அவன் பழைய பதிலையே சொன்னான். ஞாபகம் இல்லை.

மலர்விழி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மேனேஜர் வந்து பேசிட்டுப் போனாரு மேடம். வேலை போகாது, கம்பெனி பாத்துக்கும், வாய மட்டும் தொறக்காதன்னு சொன்னாரு." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "சட்டை பட்டன் போட நான் வேணும். கஞ்சி குடிக்க நான் வேணும். இந்தக் கைய வச்சிக்கிட்டு எந்த வேலைக்குப் போகப் போற? இன்னும் யாருக்குப் பயப்படுற?"

விஜயன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ராதா சார்தான் மேடம். அக்கா போனதும் வெட்டற மெஷின எடுத்துட்டு வரச் சொன்னாரு. நான்தான் பூட்ட அறுத்தேன். அட்டைய பாத்தேன், சிவப்பா இருந்திச்சி. இது போடலாமா சார்னு கேட்டேன். சும்மா மேல தள்ளுடா, ஒரு சுவிட்சு போட சர்டிபிகேட்டா வேணும்னு சிரிச்சாரு. அவரு வெளியதான் நின்னாரு."

மாதவி கேட்டுக்கொண்டே நின்றாள். அவர் வெளியே நின்றார் என்பதுதான் அவள் நெஞ்சில் தைத்தது. ஆபத்து தெரியாமல் செய்துவிட்டார் என்றால்கூட மன்னிக்கலாம். தெரிந்ததனால்தானே கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்.

வழக்குப் பதிவானது. கிடங்கு நிர்வாகத்துக்கு அபராதம் விதித்தார்கள். ராதாகிருஷ்ணனை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவர் மேனேஜர்தான். விஜயனுக்கு இடது கை விரல்கள் மடங்கவில்லை. மாதவி மேல் தவறில்லை என்று நுஸைபா எழுதினார். அதற்குள் அவள் இடத்துக்கு இன்னொருவரின் லைசென்ஸ் சுவரில் ஏறியிருந்தது. அந்த ஆளைக் கிடங்கில் யாரும் பார்த்ததில்லை என்று விஜயனின் கூட்டாளிகள் சொன்னதை மலர்விழி போனில் தெரிவித்தபோது, மாதவி உடனே நுஸைபாவைக் கூப்பிட்டு அதையும் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து ஜெஞ்சாரோமில் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில் அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த கமலநாதன் அவள் லைசென்ஸைப் பார்த்துத் தலையாட்டினார்.

"நீங்க தினமும் வரணும்னு இல்ல. மாசம் ஒரு தடவ தலைய காட்டினா போதும். எங்களுக்குப் பேர் மட்டும் போதும்."

"என் பேர வாடகைக்கு விடறதில்ல சார். நான் வந்தா தினமும் வருவேன். ஆபத்துன்னா ஆலைய நிறுத்துவேன். நான் போட்ட பூட்ட யாரும் தொடக்கூடாது. இதுக்குச் சரின்னா பேசலாம், இல்லாட்டி கிளம்பறேன்."

கமலநாதன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க வந்த சார்ஜ்மேன் யாரும் இப்படிக் கேட்டதில்லையே."

"அது எனக்கும் தெரியுது. முதல்ல உங்க சுவிட்ச் ரூம காட்டுங்க."

அவர் தயங்கித் தயங்கி எழுந்து முன்னால் நடந்தார். சுவிட்ச் ரூம் கதவை மறைத்துப் பழைய சாக்குகளும் எண்ணெய் டின்களும் குவிந்து கிடந்தன. மாதவி பையைத் தரையில் வைத்தாள், சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"இந்தச் சாக்க அந்தப் பக்கம் பிடிங்க சார்" என்றாள்.