பந்தயத்துக்கு ஒரு மகன்

மேலக்குப்பத்தில் விதிகளுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. மழை பொய்த்திருக்கிறது. முகத்துவாரம் மண் மூடி, கடல் மீன் ஏரிக்குள் வராமல் போயிருக்கிறது. ஒல்லாந்தர் கோட்டைக்குக் கப்பல் வராமல், மூட்டை தூக்குகிற கூலியும் நின்றிருக்கிறது. விதிகள் மட்டும் வருஷா வருஷம் குட்டி போட்டுப் பெருகின. அதிலும் இளவட்டங்களின் தோணிப் பந்தயத்துக்கென்று போட்ட விதிகளைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவனுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

பந்தயம் ஏற்பட்டது நல்ல காரியத்துக்குத்தான். மேலக்குப்பத்துப் பையன்களும் கோட்டைக்குப்பத்துப் பையன்களும் கண்ட இடத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை கோட்டை வாசலிலேயே மண்டைகள் உடைந்து, காவல்காரர்கள் இரண்டு பக்கத்தையும் பிடித்து உள்ளே உட்கார வைத்தார்கள். பெரியவர்கள் போய்க் கையைக் கட்டி நின்று மீட்டு வந்தார்கள். வந்த கையோடு கூட்டம் போட்டு, ரத்தம் சூடாக இருக்கிற வயசில் கையில் கழியைவிடத் துடுப்பு இருப்பது மேல் என்று முடிவு செய்தார்கள். மாசி மாசத்தில் ஏரியில் பந்தயம், குப்பத்துக்கு ஒரு தோணி, தோணிக்கு நான்கு பேர்.

மீசை அரும்பியிருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. கள் குடித்துவிட்டுத் துடுப்பைத் தொட்டவனுக்கு அந்த வருஷம் தோணி இல்லை. எதிர்த்தோணிக்காரனின் தாயை இழுத்துப் பேசக் கூடாது. பெற்றவர்கள் கரையில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், அங்கிருந்து பிள்ளைக்கு யோசனை சொல்லிக் கத்தினால் தகப்பனுக்குத் தண்டம். ஒரு தோணி கவிழ்ந்தால் மற்றது நின்று, விழுந்தவர்களைத் தூக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பழக வருகிற யாராக இருந்தாலும் முறை வைத்துத் தோணியில் ஏற்ற வேண்டும், ஊர்த்தலைவர் நாட்டாரின் மகன் என்பதற்காக ஒருவனையே உட்கார வைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியால்தான் வம்பு வந்தது. அதைப் போட்டபோது காசியம்மாளின் மகன் சடையன் வந்து நிற்பான் என்று ஊரில் யாரும் நினைக்கவில்லை.

காசியம்மாளின் ஜனத்துக்கு வலை கிடையாது, தோணி கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். வலைக்காரர்களுக்கு முன்னாலிருந்தே தாங்கள் அந்த ஏரியில் இருப்பதாக அவர்கள் சொல்வார்கள். வலைக்காரர்கள் அதை மறுப்பதும் இல்லை, காதில் வாங்குவதும் இல்லை. காசியம்மாளின் புருஷன் கப்பலில் சாமான் ஏற்றப் போனவன், அதிலேயே கடல் தாண்டி, ஒல்லாந்தர் ஊரான பத்தாவிக்குப் போய்விட்டான். போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவளுக்கு மிஞ்சியது சடையன் ஒருவன்தான்.

போன வருஷம் சடையன் பழக வந்தான். விதிப்படி அவனை ஏற்றினார்கள். அவன் துடுப்புப் போட்டால் தோணி தானாக ஓடுகிற மாதிரி இருந்தது. மேலக்குப்பம் ஜெயித்தது. ஜெயித்த தோணிக்காரர்களுக்கு அந்த வருஷமே தலைக்கட்டு என்பது பந்தயத்தின் பரிசு. தலைக்கட்டு என்றால் தலையில் சுற்றுகிற துணி மட்டும் இல்லை. ஏரியில் மீன் சேருகிற இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, எந்தப் பாடு யாருக்கு என்று சீட்டுப் போடுவார்கள். தலைக்கட்டு ஆனவனுக்குத்தான் சீட்டில் இடம், அவனைத்தான் ஊர் மனுஷனாக மதிக்கும். மூன்று பேருக்குத் துணி கட்டினார்கள். சடையனுக்கு ஒரு கூடை மடவை மீன் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பினார்கள். அதற்கப்புறம் உட்கார்ந்து யோசித்துப் புது விதி ஒன்று போட்டார்கள். தகப்பனுக்குத் தலைக்கட்டு இருந்தால்தான் மகன் பந்தயத் தோணியில் ஏறலாம்.

காசியம்மாள் நேராக நாட்டார் பெருமாளிடம் போனாள்.

"ஐயா, போன வருசம் தோணிய இழுத்துக்கினு வந்ததே எம் மவன்தான்னு நீங்களே சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன்."

"அப்ப இன்னாத்துக்கு இந்த விதி?"

"உம் மவன மனசுல வச்சுக்கினு போட்டதில்ல காசி. எல்லாருக்கும் பொது."

எல்லோருக்கும் பொது என்பது உண்மைதான். அதில் மாட்டக்கூடியவன் ஊரில் ஒரே ஒருவன்தான் என்பதும் உண்மைதான். காசியம்மாள் வீடு திரும்பினாள்.

விதி போட்டவர்களுக்கு நிம்மதி அதிக நாள் நிலைக்கவில்லை. தை பிறந்து பழக்கம் ஆரம்பித்ததும் தோணி நகர மாட்டேன் என்றது. கோட்டைக்குப்பத்துப் பையன்கள் பக்கத்தில் வந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டே கடந்து போய்ச் சிரித்தார்கள். விதிப்படி யாரும் யார் தாயையும் இழுக்கவில்லை, ஆனாலும் மேலக்குப்பத்துக்கு மானம் போயிற்று. நாட்டாருக்குச் சோறு இறங்கவில்லை. சடையன் வேண்டும், விதியும் வேண்டும். போட்ட விதியை அடுத்த வருஷமே எடுத்தால் கோட்டைக்குப்பத்தான் எதைக் கொண்டு சிரிப்பான்?

வழி சொன்னவன் துளசிங்கம். தலைக்கட்டுக்காரன், பிள்ளையில்லாதவன். முழங்கால் விட்டுப்போய், தோணியில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சடையனைத் தான் சுவீகாரம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். எடுத்துக்கொண்டால் அவன் தலைக்கட்டுக்காரன் மகன். விதி அது பாட்டுக்கு இருக்கும், தோணியும் ஓடும். கூட்டத்தில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

காசியம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை நிழலில் உட்காரச் சொன்னார்கள். அதிலேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஊர் பார்க்க ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டுட்டா போதும். துளசிங்கம் கைல புடிச்சுக் குடுத்துடு" என்றார் நாட்டார்.

உறவை அறுத்துக்கொள்கிறவர்கள் நாலு பேர் முன்னால் துரும்பைக் கிள்ளிப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். புருஷனும் பெண்சாதியும் பிரிந்தால் செய்வார்கள். பெற்றவள் செய்து காசியம்மாள் பார்த்ததில்லை.

"ஜெயிச்சா தலைக்கட்டு உண்டுங்களா?"

"உண்டு. தலைக்கட்டுக்காரன் மவன், ஜெயிச்சவன். யாரு இல்லன்றது?"

"பந்தயம் முடிஞ்சதும்..." என்று இழுத்தாள்.

"முடிஞ்சதும் அன்னிக்கே கட்டிடுவோம்."

அவள் கேட்க வந்தது அது இல்லை. முடிந்ததும் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான்தானே என்று கேட்க வந்தாள். அதைக் கேட்டு வைத்து, காரியம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொண்டாள். தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது என்றும் தோன்றியது. தோணியில் ஏறுவதற்கு ஒரு வேஷம் கேட்கிறார்கள், வேஷத்தைப் பந்தயம் முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். அப்படித்தான் அவள் நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. விதிக்காகவே ஒரு தகப்பனை உண்டாக்குகிறவர்கள், பெற்றவளை மட்டும் நிஜமாகவே இல்லாமல் ஆக்கிவிடுவார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

சடையனுக்குப் பிடிக்கவில்லை. அவள் நண்டுக்கால்களை நார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து குந்தினான்.

"வேணாம்மா. ஒரு மாதிரி கீது."

"இன்னா மாதிரி? துரும்புதானடா. ஒடச்சா ஒடயறது அதுதான்."

"ஊரு முன்னால சொல்ற வார்த்த. அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

அவன் அப்படித்தான். சொன்னால் சொன்னதுதான், விதி என்றால் விதிதான். அதற்காகவே எல்லோரும் அவனை மெச்சுவார்கள். அன்றைக்கு அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது.

"காலமெல்லாம் என்னாட்டம் சேத்துல கைய விட்டுக்கினு கெடக்கப் போறியா? ஒனக்குன்னு ஒரு பாடு வேணாமா? போடா, சொன்னதச் செய்."

அவன் செய்தான். அவளும் செய்தாள். துரும்பு சத்தமே இல்லாமல் உடைந்தது. துளசிங்கத்தை அவன் 'நைனா' என்று கூப்பிட வேண்டும் என்றார்கள், கூப்பிட்டான். காசியம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

பந்தயத்தன்று கோட்டைத் துரைகள்கூட மதில்மேல் நின்று பார்த்தார்கள். இரண்டு தோணியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயின. திரும்ப வேண்டிய கம்பத்தருகே கோட்டைக்குப்பத்துத் தோணி ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. மேலக்குப்பத்துக் கரை முழுக்கப் போ போ என்றுதான் மனசுக்குள் கத்தியது. தோணியில் இருந்த மற்ற மூன்று பேரும் போகவே பார்த்தார்கள். சடையன் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டுத் தோணியை நிறுத்தினான். விழுந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி, கவிழ்ந்த தோணியை நிமிர்த்திக் கொடுத்து, அப்புறம்தான் துடுப்பை எடுத்தான். கோட்டைக்குப்பத்தார் தோணியிலிருந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். மேலக்குப்பம் ஜெயித்தது. தோற்றவர்களும் சடையன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

காசியம்மாள் கயிற்றுப் பக்கம் ஓடினாள். ஓட்டுகிற பிள்ளைகளின் பெற்றவர்கள் நிற்கிற இடம் அது என்று ஒருவன் சொன்னான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அவள் பின்னால் போய், ஜனங்களின் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தாயும் தட்டில் துணி வைத்துக் கொண்டுவந்து கொடுக்க, நாட்டார் வாங்கிப் பையன் தலையில் கட்டினார். சடையனுக்குத் துளசிங்கத்தின் பெண்சாதி குப்பம்மாள் தட்டைக் கொண்டுவந்தாள். அவள் அழுதுகொண்டே வந்தாள். எத்தனையோ வருஷமாக மற்றவர்கள் பிள்ளைக்குக் கட்டுவதைப் பார்த்தவள். காசியம்மாளுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான், அப்போது கிட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். நண்டுக் குழம்பு வைக்கப் போனாள்.

குழம்பு ஆறிப்போயிற்று. அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. துளசிங்கத்தின் வீட்டுக்குப் போனாள். குப்பம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"புள்ள சாப்டுக்கினு கீறான். நீ இப்டி வந்து நின்னா ஊரு இன்னா சொல்லும், காசி? ஒன் கையாலதான குடுத்த?"

உள்ளே சடையன் இருந்தான். அவள் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் எழுந்து வரவில்லை.

நாட்டாரிடம் ஓடினாள். "பந்தயத்துக்குன்னுதான ஐயா கிள்ளிப் போட்டேன்" என்றாள்.

"பந்தயத்துக்குன்னு ஒரு துரும்பு, நெசத்துக்குன்னு ஒரு துரும்பு கீதா? அப்டின்னா அவன் துளசிங்கம் மவனாத் தோணி ஏறினது பொய். பொய்யின்னா ஜெயிச்சது போச்சு, தலைக்கட்டும் போச்சு. கோட்டைக்குப்பத்தானக் கூப்ட்டு நானே சொல்லிடறேன். தலத்துணிய அவுத்துடட்டுமா? நீயே சொல்லு."

அவர் மிரட்டவில்லை. உண்மையிலேயே கேட்டார், அதுதான் கொடுமை. மகன் வேண்டுமென்றால் அவன் தலையிலிருந்து துணி இறங்கும், ஊரெல்லாம் பார்க்க இறங்கும், திருட்டுத்தனமாகத் தோணி ஏறினவன் என்ற பேரும் வரும். சொன்ன சொல் மாறாதவன் அந்தப் பேரோடு எப்படித் திரிவான்?

"வேணாம் ஐயா. இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் அவள் யாரிடமும் போய் எதையும் கேட்கவில்லை.

சித்திரையில் ஏரி சுருங்கியது. கரையோரமெல்லாம் உப்புப் பூத்து வெடித்தது. ஆழமான இடங்களில் மட்டும் தண்ணீர் நின்றது, இறாலும் அங்கேதான் போய் ஒண்டிக்கொண்டது. ஆழமான இடமெல்லாம் பாடு. பாட்டு எல்லைக்கு நட்ட கழிகளைத் தாண்டிக் கையால் தடவுகிறவர்கள் வரக் கூடாது என்பது பழைய விதி. வந்தால் பிடித்ததைப் பறித்துக்கொண்டு விரட்டுவார்கள். அந்தக் காவல் வேலை எப்போதும் புதிதாகத் தலைக்கட்டு ஆனவன் தலையில்தான் விழும். மூத்தவர்களுக்கு வசவு வாங்கப் பிடிக்காது. கோடையில் வேறு வழியில்லாமல் எல்லோரும் தாண்டத்தான் செய்வார்கள், காசியம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்களும் ஒருநாள் தாண்டினார்கள்.

பிடித்ததைப் போடுகிற ஓலைப்பறியை அவர்கள் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள், இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டுமே. அவள் பறி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. தோணி பக்கத்தில் வந்து நின்றதும் மற்றப் பெண்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு கரைப்பக்கம் போனார்கள். அவள் எழுந்து நின்றாள். தோணியில் சடையன் இருந்தான். பின்னால் துளசிங்கத்தின் பங்காளி ஒருவன் கழியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"பாட்டு எல்லை இது. ஏறிப் போங்க" என்றான் சடையன். சொல்லிவிட்டுக் குனிந்து கையை நீட்டினான்.

அவள் பறியைக் கடித்தபடியே அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் பறி அவன் கைக்குப் போகும், திறக்காவிட்டால் ஒரு வார்த்தை கேட்க முடியாது.

"பின்னால ஆளு பார்க்குது" என்று சடையன் மெதுவாகச் சொன்னான். நீட்டின கையை அவன் மடக்கவில்லை.

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது, அழ வேண்டும்போலவும் இருந்தது. வாயைத் திறந்தாள். அவன் பறியை வாங்கி, இறாலைத் தோணிக்குள் கொட்டிவிட்டு, வெறும் பறியை அவள் கையில் கொடுத்தான். அப்போதுதான் அவன் தலைக்கட்டை அவள் கிட்டத்தில் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது அவனுக்கு.

கரையில் அந்த வருஷம்தான் கல்யாணமாகி வந்திருந்த ஒருத்தி, நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"யாருக்கா அவன்? உன்கிட்ட மட்டும் இன்னாவோ பேசினானே."

"துளசிங்கம் மவன்" என்றாள் காசியம்மாள்.